பெருங்குழுவோடு பிரயாணஞ் செய்தல்

கல்விப் பிரயாணம் என்னும் பெயரால் மாணாக்கர் பலர் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களுக்கு ஆண்டுதோறும் சென்று வருகின்றனர். ஐம்பது பேர், சில வேளை நூறு பேர், ஒரு வழிகாட்டியின் பின்னே புறப்படுகின்றனர். திரும்பி வந்தபின், "என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், சிலர் வண்டியிற் பாடிய பாட்டையும், வழியில் உண்ட உணவையும், கைப்பேசியில் எடுத்த படங்களையும் கூறுவர். வேறு சிலர் தாம் கண்ட கல்லையும் கோயிலையும், அவற்றால் தம் மனத்தில் எழுந்த வினாக்களையும் கூறுவர். ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரே வழிகாட்டியோடு சென்றோருள் இத்தகைய வேறுபாடு எதனால் உண்டாகின்றது என்று ஆராய்தலும், இனிப் பெருங்குழுவோடு செல்லப் புகுவோர் எவற்றை எதிர்நோக்குதல் வேண்டும் என்று உரைத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு மாவட்டங்களையும் உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இரண்டு. முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாகவும், 2007ஆம் ஆண்டு முதல் அரியலூர் தனி மாவட்டமாகவும் விளங்கும் இந்நிலப்பரப்பில், கல்லான மரமும், கடற்சிப்பி நிறைந்த வயலும், கோட்டையும், பறவைகள் தங்கும் ஏரியும், சோழர் கோயிலும், பழைய தேவாலயமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இது முதற் காரணம். கூட்டமாகப் பிரயாணஞ் செய்வோரைப் பற்றித் தமிழில் எழுந்த கதைகளுள் மிக்க பெயர் பெற்ற ஒன்றை எழுதியவர் இந்நாட்டிலேயே வாழ்ந்தவர் என்பது மற்றொரு காரணம்.

அவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டிற் பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றிய அப்பெரியார், இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் நெடுநாள் தங்கிப் பணியாற்றினர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை அறியாதார் நம்முள் இரார். அது 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவரால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிடப்பட்டது. குருவும் சீடர் ஐவரும் ஓர் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியபின் ஒருவன் எண்ணிப் பார்க்கின்றான். ஐந்து பேரே உளர். குருவும் எண்ணுகின்றார், அவருக்கும் ஐந்தே. ஆற்றுக்கு ஒருவனைப் பலிகொடுத்துவிட்டோம் என்று அனைவரும் அழுகின்றனர். எண்ணியவர் ஒவ்வொருவரும் பிறரை எண்ணித் தம்மை எண்ணாது விட்டனர் என்பதை, வழிப்போக்கன் ஒருவன் வந்தே காட்டவேண்டியதாயிற்று.

இக்கதையைக் கேட்டுச் சிறுபிள்ளைகளும் நகைப்பர். ஆயினும், பெருங்குழுவிற் சென்று பழகினோர் அறிவர், அவ்வறுவரின் பிழை எல்லாக் கூட்டத்திலும் உண்டென்பதை. தாமதத்தைப் பற்றிப் பேசுங்கால் தம் தாமதத்தை எவரும் எண்ணுவதில்லை. இரைச்சலைக் குறைகூறுவோர் தம் குரலை எண்ணுவதில்லை. இடத்தைப் பாழாக்கும் கூட்டம் என்று சொல்வோர் தம் கையை எண்ணுவதில்லை. "பிறர் பார்த்துக்கொள்வர்" என்னும் எண்ணமே பெருங்குழுவுக்குரிய நோயாகும். அந்நோய் எங்கெங்குத் தோன்றும் என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

வழக்கின் வரலாறு

கூட்டமாகச் செல்லுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்ற யாத்திரிகரும், பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து செல்வோரும் குழுவாகவே செல்வர். கள்வர் பயமும் காட்டு வழியும் இருந்த காலத்தில் குழுவே காப்பாயிருந்தது. அத்தகைய யாத்திரையில் வழியறிந்த முதியோர் முன்செல்வர். சமைப்போரும் சுமப்போரும் அக்குழுவினுள்ளேயே இருப்பர். ஒவ்வொருவர்க்கும் ஒரு தொழில் உண்டு. ஆதலின் தம்மை எண்ணாது விடுதல் அங்கே எளிதன்று.

கட்டணம் ஒன்றைச் செலுத்திவிட்டு, மற்றெல்லாப் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்புவித்துச் செல்லும் முறை பிற்காலத்தது. 1841ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆந் தேதி, தாமஸ் குக் என்னும் கிறிஸ்தவ ஊழியர் ஒருவர், மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரெயிலில் அழைத்துச் சென்றார். தனியே செல்லப் பொருளும் துணிவும் இல்லாதாரும் உலகைக் காணலாம் என்பதை அம்முயற்சி காட்டிற்று. அவர் பெயரால் வளர்ந்த வாணிகம் 178 ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் முறிந்தது. அன்று வெளிநாடுகளில் இருந்த அதன் பிரயாணிகளுள் பிரிட்டிஷார் மட்டுமே சுமார் 1,50,000 பேர். அவர்களை ஊர் சேர்க்கும் பொறுப்பை அந்நாட்டு அரசே ஏற்கவேண்டியதாயிற்று. குழுவாகச் செல்லும் முறையின் நன்மையும் அதன் ஆபத்தும் இவ்வொரு வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. எளியார்க்கும் வழி திறந்தது நன்மை. தான் எங்கிருக்கிறோம், எவ்வாறு மீள்வோம் என்பதையும் பிறரே அறிவர் என்று இருந்துவிடுதல் ஆபத்து.

நேரக் கணக்கு

குழுவிற் செல்வோன் முதலாவதாக எதிர்நோக்க வேண்டியது, நேரம் தன்னுடையதன்று என்பதே. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஒரு வண்டியில் 50 பேர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் இறங்குவதற்கு 6 விநாடி ஆகுமாயின், எல்லோரும் இறங்க 5 நிமிஷம். மீண்டும் ஏற 5 நிமிஷம். ஒரு நாளில் ஆறு இடம் காண்போமாயின், வண்டியின் வாயிற்படியில் மட்டும் ஒரு மணி நேரம் கழியும். இஃது எவர் குற்றமுமன்று, கூட்டத்தின் இயல்பு.

இனிக் குற்றமாவதைக் காண்போம். ஒருவன் தேநீர்க்கடையில் பத்து நிமிஷம் தாமதித்தால், அவன் நினைப்பது பத்து நிமிஷமே. ஆனால் அவனுக்காகக் காத்திருக்கும் ஐம்பதின்மருடைய நேரத்தைக் கூட்டினால் 500 நிமிஷம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகின்றது. ஒரு மனிதனுடைய முழுப் பகற்பொழுதை அவன் செலவிட்டுவிட்டான். இக்கணக்கைப் புறப்படுமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுதல் பல கடிந்துரைகளிலும் பயன் தரும்.

ஆதலின், திட்டம் வகுப்போர் இடங்களைக் குறைத்தல் வேண்டும். திருச்சியிலிருந்து காலையிற் புறப்பட்டு, ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர்க் கல்மரம், வாரணவாசி அருங்காட்சியகம், கங்கைகொண்ட சோழபுரம், ஏலாக்குறிச்சி, கரைவெட்டி ஆகிய ஆறனையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று காகிதத்தில் எழுதுதல் எளிது. ரஞ்சன்குடி பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையின் பக்கத்தது. கங்கைகொண்ட சோழபுரமோ அரியலூருக்குக் கிழக்கே ஜெயங்கொண்டத்தையும் கடந்து நிற்பது. இடைவழியில் சிமெண்டுச் சாலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் மிகுதி; வண்டி விரைந்து செல்லாது; செல்லவும் கூடாது. இவ்வாறையும் காணவேண்டுமாயின் இரண்டு நாள் வேண்டும். ஒரு நாளே உண்டெனின் மூன்று இடம் போதும். மூன்றைக் கண்டவர் மூன்றைக் கண்டவராவர். ஆறைக் கண்டவர் பெரும்பாலும் வண்டியைக் கண்டவரே ஆவர்.

குழுவின் வேகம் என்பது கடைசியாக வருவோரின் வேகம் என்பதையும் ஈண்டு அறிதல் வேண்டும். ரஞ்சன்குடிக் கோட்டையில் இதனை நன்கு காணலாம். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் துணைவரோடு பொருத போர்க்களத்துக்கு அண்மையிலுள்ள அக்கோட்டை, நிலை நிலையாக மேலேறிச் செல்வது. இளைஞர் முன்னேறி உச்சியில் நிற்க, கால் தளர்ந்தோர் கீழ்வாயிலிலேயே இருப்பர். வழிகாட்டி உச்சியிற் பேசத் தொடங்கினால், கீழிருப்போருக்கு அவர் பேச்சு இல்லை. அவர்கள் மேலேறி வரும்பொழுது முன்னையோர் இறங்கத் தொடங்குவர். ஓய்வும் அவர்களுக்கு இல்லை. கடைசி மனிதர் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, நீர் பருகியபின்னரே பேசத் தொடங்கும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி. அவ்வாறு காத்திருக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுதல் முன்சென்றவர்களின் கடமையாகும்.

தலை எண்ணிக்கை

யாத்திரைக் குழுவில் ஒருவர் விடுபட்டுப்போன வரலாறுகளுள் நம் கல்லூரியில் எல்லோரும் அறிந்தது லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. பஸ்கா பண்டிகை முடிந்து நாசரேத்துக்குத் திரும்பும் கூட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிய இயேசு இல்லை. கூட்டத்தாரோடு வருகின்றார் என்று எண்ணித் தாயும் தந்தையும் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். பின்னரே உறவினரிடையும் அறிமுகமானவரிடையும் தேடினர். காணாது எருசலேமுக்குத் திரும்பினர். மூன்று நாளைக்குப் பின் தேவாலயத்தில் போதகர் நடுவே கண்டனர். அப்பெற்றோர் அன்பிற் குறைந்தவரல்லர். கூட்டத்தில் இருப்பார் என்னும் நம்பிக்கையே அவர்களை ஒரு நாள் வழி கொண்டுசென்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கும் அத்தகைய தொன்று நேர்ந்தது. இரண்டு வண்டிகளில் கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தோம். மாலையில் புறப்படும்போது, "எல்லோரும் வந்தாயிற்றா?" என்று கேட்டோம். "வந்தாயிற்று" என்று ஒரே குரலில் விடை வந்தது. ஜெயங்கொண்டத்தில் வண்டி நின்றபோதுதான் ஒரு மாணவன் இல்லை என்று தெரிந்தது. முதல் வண்டியார் அவன் இரண்டாம் வண்டியில் இருப்பதாகவும், இரண்டாம் வண்டியார் முதல் வண்டியில் இருப்பதாகவும் எண்ணினர். அவன் கைப்பேசியோ அவன் பையில். பையோ நம் வண்டியில். உள்ளம் பதைக்கத் திரும்பிச் சென்றோம். அவன் சிங்க உருவின் வழியே படியிறங்கும் அக்கோயிற் கிணற்றின் பக்கத்தில், இருள் சூழ்வதையும் அறியாது, அச்சிங்கத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தான். அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தோம், முடியவில்லை. அன்று அவ்விடத்தை உண்மையிற் கண்டவன் அவன் ஒருவனே என்பது ஒரு காரணம். "வந்தாயிற்றா?" என்று கேட்டோமேயன்றி நாம் எண்ணவில்லை என்பது மற்றொரு காரணம்.

அன்று கற்ற பாடம் இது. "எல்லோரும் வந்தாயிற்றா?" என்பது எண்ணிக்கையாகாது. வராதவன் "வரவில்லை" என்று விடை கூறான். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, ஏறியபின் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவரே உரக்கச் சொல்லச் செய்தல் வேண்டும். இதில் தன்னை விட்டுப் பிறரை எண்ணுதற்கு இடமில்லை. பத்துப் பேருக்கு ஒரு தலைவன் இருந்து அப்பத்துக்குப் பொறுப்பேற்றல் இன்னும் நன்று. வழிகாட்டியின் எண்ணும், தங்கும் இடத்தின் பெயரும், வண்டியின் எண்ணும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காகிதத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கைப்பேசியில் உள்ளது என்று இருந்துவிடலாகாது.

வழிகாட்டியின் சொல்

பெருங்குழுவில் வழிகாட்டியின் குரல் மூன்றாம் வரிசைக்கு அப்பாற் சென்று கேட்பது அரிது. கங்கைகொண்ட சோழபுரத்து வடவாயிற் படியருகே, சிவபெருமான் சண்டேசர்க்குத் தலையில் மலர்மாலை சூட்டும் சிற்பம் உள்ளது. அதன் முன் ஐம்பது பேர் ஒருங்கு நிற்றல் இயலாது. முன்னிற்போர் முதுகையே பின்னிற்போர் காண்பர். பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, ஒரு பகுதியார் இதனைக் காணும்போது மற்றொரு பகுதியார் எதிர்ப்பக்கத்துச் சரசுவதியையும், இன்னொரு பகுதியார் வெளிநின்று விமானத்தையும் காணுமாறு மாறி மாறிச் செல்லுதலே தக்கது. இதற்குச் சற்று நேரம் மிகும். ஆயினும் எவரும் காணாது திரும்பார்.

கேட்டதெல்லாம் மெய்யென்று கொள்ளும் பிழையும் கூட்டத்தில் மிகுதி. தனியே கேட்பவன் ஐயுறுவான். ஐம்பது பேர் தலையசைக்கும்போது தானும் தலையசைப்பான். தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று எத்தனை பேர் கேட்டு நம்பியிருக்கின்றோம்! முதலாம் இராசேந்திரன் தந்தையின் கோயிலைப் பின்பற்றி எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும் அவ்வகைப்பட்டதே. 2004ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படும் அக்கோயிலின் முற்றத்தில் காலையிலோ மாலையிலோ நின்று, தரையை ஒருமுறை நோக்கினால் போதும். நிழல் நீண்டு கிடப்பதைக் காணலாம். நேர்க்கோடாய் ஏறாது சற்றே குழைந்து வளைந்தேறும் அவ்விமானத்தின் அழகுக்குப் பொய்க்கதை எதுவும் வேண்டுவதில்லை.

2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், குளத்தின் மண்ணை அகழ்ந்தபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி நாடெங்கும் பரவிற்று. அறிஞர் வந்து நோக்கி, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு என்னும் பழங்கடலுயிரைச் சார்ந்து மண் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்கினர். முட்டை என்று பரப்பியவருள் எத்தனை பேர் அக்கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தவர்? உண்மையும் வியப்பிற் குறைந்ததன்று. இன்று வெயிலில் வெடித்துக் கிடக்கும் அக்கரிசல் நிலத்தின்மேல் ஒரு காலத்தில் கடல் புரண்டது என்பதற்கு அவை சான்று.

சாத்தனூரில் வழிகாட்டி, "இஃது 12 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரம்" என்பார். அத்தொகையே பொதுவாக வழங்கப்படுவது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த அம்மரம், சுமார் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்த வண்ணம் கிடக்கின்றது. தொகையைக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுதல் எளிது. கேட்கவேண்டிய வினாக்களோ வேறு. கடலடியிற் படிந்த மண்ணுள் நிலத்து மரம் எவ்வாறு வந்தது? மரம் மட்காது கல்லானது எங்ஙனம்? கரையில் வளர்ந்த மரம் நீரால் அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் அமிழ்ந்து மண்ணுள் மூடுண்டது. காற்றுப்படாமையின் அழுகாது, நீரிற் கரைந்த சிலிக்கா அதன் நார்களிற் புகுந்து அணு அணுவாக இடங்கொண்டது என்னும் விடையைப் பெற்றவன், அவ்விடத்தை விட்டு வெறுங்கையோடு திரும்பான். ஒவ்வொருவரும் ஓர் இடத்துக்கு ஒரு வினாவை முன்னரே எழுதிக்கொண்டு செல்லுக. பிறர் கேட்பர் என்று காத்திருந்தால் எவரும் கேளார்.

இடத்துக்குச் செய்யுங் கடன்

கரைவெட்டி ஏரி அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. 1999 முதல் பறவைகளின் புகலிடமாகக் காக்கப்படுவது. 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்தும் பறவைகள் அங்கு வருகின்றன. மலையைக் கடந்து பறக்கும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. ஒருவன் மெல்லப் பேசினால் பறவை பறவாது. ஐம்பது பேர் மெல்லப் பேசினால் அது பேரிரைச்சல். "நான் மெதுவாகத்தானே பேசினேன்" என்று ஒவ்வொருவரும் சொல்லுதல் மெய்யே. பறவைகள் எழுந்து போயினமையும் மெய்யே.

சிப்பிக்கற்களின் செய்தி இதனினும் துன்பம் தருவது. 1846இலேயே இத்தென்னாட்டுச் சிப்பிகளைப் பற்றி எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பார் இங்கிலாந்தில் எழுதினார். 1862இல் பிளான்போர்டு என்பார் இந்நிலத்தை அளந்து ஆராய்ந்து அதன் பாறையடுக்குகளுக்கு உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். அவருக்குப் பின் ஸ்டாலிஸ்கா என்பார் அவ்வுயிர்களைப் பகுத்து விரித்தெழுதினார். நம் சிற்றூர்ப் பெயர்களை உலகத்துப் புவியியலாரெல்லாம் அறிந்தது அவர்களால். அவர்களும் கற்களை எடுத்துச் சென்றவர்களே. ஆனால் எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுத்தது என்று குறித்து வைத்தனர். அக்குறிப்பே கல்லின் நாவாகும். குறிப்பில்லாத கல் ஊமை.

பிரயாணக் குழுவில் ஒருவன் ஒரு சிப்பியை எடுத்துப் பையில் இடுகின்றான். ஒரு சிப்பியால் நிலம் குறைந்துவிடாது என்பது அவன் எண்ணம். ஒரு வண்டிக்கு ஐம்பது, ஆண்டுக்கு எத்தனையோ வண்டி, எத்தனையோ ஆண்டு. கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்களுக்கு நேர்ந்ததை நினைக்க. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அக்கோயிலின் சுற்றுமதிற் கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. ஒவ்வொரு பாரவண்டியும் சில கற்களையே ஏற்றியிருக்கும். இன்று அம்மதில் நின்ற பெருமையை அடிச்சுவட்டிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கின்றது.

பிறரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் மேசையின்மேல் தாள் பறவாதிருக்க வைத்த சிப்பிக்கல் ஒன்று பல்லாண்டாகக் கிடக்கின்றது. மாணவராயிருந்த காலத்தில் ஒரு பிரயாணத்தில் எடுத்தது. எந்த ஊர் என்று நாம் குறித்திலோம். எந்த ஓடையின் கரை என்பதும் மறந்தது. திருப்பி வைத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு கையில் எடுத்தோம், எங்கே வைப்பது? தவறான இடத்தில் வைத்தால், பின்னொருநாள் அங்கு வரும் ஆராய்ச்சியாளரை அது தவறான வழியிற் செலுத்தும். ஆதலின் அது மேசையிலேயே கிடக்கின்றது. மாணாக்கரின் பைகளைச் சோதித்து அனுப்பும் நாம், எண்ணிக்கையில் நம்மைச் சேர்க்காது விட்டதற்கு அதுவே அடையாளம்.

சிப்பிகளைக் கையிலெடுத்துக் காண விரும்புவோர்க்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசினர் அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. பெயரும் இடமும் குறிக்கப்பட்டு அவை அங்கே பேசுகின்றன. வயலிற் கண்டதைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிடந்தவாறே விட்டு வருக. சாத்தனூர்ப் பூங்காவிலிருந்து ஒரு சில்லும் எடுத்தல் கூடாது.

செய்யத் தக்கன

இதுகாறும் கூறியவற்றால், புறப்படுமுன் செய்யத் தக்கவற்றைத் தொகுத்துரைப்போம். முதலாவது, காணப்போகும் இடங்களைப் பற்றி ஒரு நாளேனும் வகுப்பிற் பாடம் நடத்துக; அறிந்து செல்பவனுக்கே வழிகாட்டியின் சொல் விளங்கும். இரண்டாவது, வெயிலுக்குத் தலைப்பாகையோ குடையோ தொப்பியோ, ஆளுக்கு ஒரு குப்பி நீரோடு கொள்க. சாத்தனூரிலும் கோட்டையிலும் நிழல் குறைவு. மூன்றாவது, கழிப்பிட வசதி எங்கெங்கே உள்ளது என்பதைப் பொறுப்பாளர் முன்னரே விசாரித்து, மாணவியர் இடர்ப்படாவாறு நிறுத்தங்களை வகுக்க. நான்காவது, உடல்நலக் குறையுடையோர் அதனை முன்கூட்டியே உரைக்க. கூட்டத்துக்கு இடையூறாகுமோ என்று மறைத்தல் பெரிய இடையூறாய் முடியும். ஐந்தாவது, ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரம் வழிகாட்டியின் பேச்சின்றி, தோழரின் பேச்சின்றித் தனித்து நிற்க இடங்கொடுக்க. சிங்கக் கிணற்றருகே விடுபட்ட மாணவனுக்குத் தற்செயலாய்க் கிட்டியதை எல்லோருக்கும் திட்டத்திலேயே வைத்துவிடுதல் நலமன்றோ?

குழுவாகச் செல்லுதல் தாழ்ந்த முறை என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தனியே செல்லப் பொருளில்லாத மாணவன் கோட்டையையும் கோயிலையும் காண்பது குழுவினால்தான். தனியே வெளியூர் செல்ல வீட்டார் இசையாத மாணவி புறப்படுவதும் அதனால்தான். வண்டியில் ஒருவர் உணவை ஒருவர் பகிர்ந்துண்டு, பல ஊர்ப் பிள்ளைகள் ஓருறவாய் ஆவதும் அங்கேதான். ஆதலின் குழுவை விடவேண்டுவதில்லை. குழுவினுள் தன்னை மறவாதிருத்தலே வேண்டுவது.

பரமார்த்த குருவின் சீடர் அழுகை தீர்ந்தது ஆற்றில் எவரும் மாளாமையால். எல்லாப் பிரயாணமும் அவ்வாறே நகைப்பில் முடியும் என்று உறுதி கூறுவார் எவர்? இவ்வாண்டு புறப்படும் மாணாக்கர்க்கு நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. வண்டியில் ஏறியவுடன் எண்ணுக. எண்ணத் தொடங்குங்கால் தம்மை முதலாவதாக வைத்து எண்ணுக.